வெளிய கேக்காதுல்ல?

அந்த அக்காவின் பேர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. பேரைச் சொன்னால் ஊரைக் கேட்பீர்கள். ஊரைச் சொன்னால் மேல்மலைக்காரர்கள் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டையே காட்டிவிடுவார். கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற மலைக் கிராமங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் வீட்டுச் சுவரும் ஊர்க் கோயில் சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கப் போன் கவர். என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். அவருக்குப் பொறுமை அதிகம், எனக்குக் கம்மி. ஹெட்போன் கேட்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருடைய ஹெட்போனில் ஒரு குறையும் இருக்காது. சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மச்சானுடைய போனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கும். 'அத முதல்ல பாக்குறதுக்கென்ன' என்று வாய் வரைக்கும் வரும். யாவாரம் கெட்டுப்போகும் என்று விழுங்கிக்கொள்வேன்.

ஹெட்போன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள், சத்தம் எப்படி என்று. டம் டம்மென்று அடிக்குமா, காது கிழியுமா என்பதுதான் அவர்கள் கவலை. அக்கா என்னிடம் வந்துபோன காலம் முழுக்க ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி.

"வெளிய கேக்காதுல்ல தாயி?"

முதன்முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். சந்தைக்கு வந்த மேல்மலை ஆட்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் என் கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிய மப்ளர். இயர்போன் ஒன்றைப் பெட்டி மேல் வைத்தாள்.

"இது கெட்டுப்போச்சு தாயி."

என் போனில் செருகிப் பார்த்தேன். நன்றாகப் பாடியது. "நல்லாத்தானக்கா கெடக்கு" என்றேன்.

"உம் போன்ல நல்லாருக்கு. எம் போன்ல சொருகுனா காதுலயும் கேக்கல, வெளிய கேக்குது. வீடே கேக்குது."

வீடே என்று சொல்லும்போது குரலை இறக்கினாள். போனை வாங்கி, ஹெட்போன் பின் செருகுகிற ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. சிம் குத்துகிற ஊசியால் நெம்பி எடுத்தால், பூண்டுத் தோல். மடியில் போனை வைத்துக்கொண்டு பூண்டு உரித்தால் வேறென்ன ஆகும். தோல் அடைத்துக்கொண்டதில் பின் கடைசிவரை இறங்கவில்லை. பின் முழுசாக இறங்கினால்தான் ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று போனுக்குத் தெரியும். பாதியில் நின்றால் அது பாட்டுக்குச் சத்தத்தை வெளியே விட்டுவிடும். இதைச் சொன்னதும் அக்கா அந்தத் தோலை விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்தாள். "இம்புட்டுக்காண்டி தோலா" என்றாள்.

நான் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. இயர்போனை என் காதில் மாட்டச் சொன்னாள். பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். தானே நாலு எட்டுப் பின்னால் போய், டீக்கடை ஓரமாகத் திரும்பி நின்று, மப்ளரை விலக்கிவிட்டுக் காது கொடுத்தாள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, காதில் பாட்டோடு மண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கத்தில் வந்து சொன்னாள்.

"எங்க அடுப்படிக்கும் அவுக உக்காருற எடத்துக்கும் இந்தத் தூரந்தான். கேக்கல. சரி."

அவுக என்றால் அவள் வீட்டுக்காரர். பக்திப் பாட்டுக் கேட்கத்தான் என்று சொன்னாள். அதற்கு இத்தனை சோதனையா என்று எனக்குச் சிரிப்பு. மனுசன் பாட்டுச் சத்தத்துக்கே அடிக்கிறவன்போல என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வராத சந்தை நாள் குறைவு. மேல்மலையில் எந்தப் பொருளும் நிலைக்காது. மஞ்சு இறங்கினால் வீட்டுக்குள் உப்பே கசிந்து ஓடும். போன் ஓட்டைக்குள் ஈரம் புகுந்துகொள்ளும். அப்போது முதல் கோளாறுக்கு நேர்மாறாக ஒன்று நடக்கும். ஹெட்போனைப் பிடுங்கின பிறகும் மாட்டியிருக்கிறது என்றே போன் நினைத்துக்கொள்ளும், வெளியே ஒரு சத்தமும் வராது. மற்றவர்கள் இதற்குப் பதறிக்கொண்டு வருவார்கள். அக்கா இதைச் சொன்ன விதமே வேறு.

"இப்ப நல்லாருக்கு தாயி. எதுவுமே வெளிய கேக்கல. இப்பிடியே விட்டுறலாமா?"

"மணி அடிச்சாக்கூடக் கேக்காதுக்கா. போன் வந்ததே தெரியாது."

உடனே முகம் மாறிவிட்டது. "அப்ப வேணாம். சரி பண்ணிரு" என்றாள். போன் வருவதில் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். கடையில் கூட்டம்.

ஒருமுறை வத்தலக்குண்டுப் பக்கம் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு இயர்போன் வாங்கி வந்துவிட்டாள். அந்தப் பின் அவள் போனுக்குச் சேராத சாதி. பார்வைக்கு எல்லாப் பின்னும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே கம்பி போகிற வரிசை வேறாக இருக்கும். அப்படிப்பட்டதை மாட்டினால் பின்னணி மேளதாளம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும், பாடுகிறவர் குரல் காணாமல் போய்விடும். ஒயரில் இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் வரும், விட்டால் போய்விடும். "தூக்கிப் போடுக்கா, வேற தாரேன்" என்றேன். அடுத்த வாரம் பார்த்தால், அந்தப் பட்டன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து, சாக்கு தைக்கிற நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பட்டன் எந்நேரமும் அமுங்கியே இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. புதுசு கொடுக்கிறேன் என்றால் வாங்கமாட்டேன் என்கிறாளே என்ற எரிச்சல்.

"இதுல நல்லாக் கேக்குதா?"

"கரகரன்னுதான் கேக்குது. அழுகுதா சிரிக்குதான்னு தெரியல" என்றாள். சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டாள்.

எந்தப் பக்திப் பாட்டில் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள்? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் கடைச் சுவரில் தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒற்றைக் காதில் மட்டும் மாட்டுகிறது இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். ஏன் என்றேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பிடி என்ன பாட்டுடி, எனக்கும் ஒரு பக்கம் குடு, நானும் கேக்குறேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். "குடுக்க வேண்டியதுதானக்கா" என்றேன். அக்கா ஸ்டூலைப் பார்த்தாள், உட்காரட்டுமா என்று கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் சொன்னாள். ஒரே மகள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனோடு கல்யாணம். பையன் வேற ஆளுங்க. அவள் ஊரில் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தகப்பன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து இனி எனக்கு அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நேரே ஓடைக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குள் வரவேண்டும். அதற்குமேல் அந்த வீட்டில் ஒருத்தர் பேச்சு வைத்துக்கொண்டாலும் குடும்பத்தையே கோயிலுக்குள் சேர்க்கமாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். இதில் கோயில் சாவியே அவள் வீட்டுக்காரரிடம்தான் இருந்தது.

"அவுக தலைமுழுகிட்டு வந்தாக. மார்கழிக் குளிரு. நாந்தான் துண்டு எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

மகள் எப்படியோ அவளுடைய நம்பரைப் பிடித்துவிட்டாள். சாயங்காலம், கம்பெனி விட்டதும் கூப்பிடுவாள். அந்த நேரம் அக்கா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள், காதில் ஹெட்போன். வீட்டுக்காரர் நாலு எட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். மகள் பேசுவாள், இவள் கேட்பாள். திருப்பிப் பேச முடியாது. பாட்டோடு சேர்ந்து முனகுகிற மாதிரி 'ம்' மட்டும் சொல்வாள். சின்ன ம் என்றால் நல்லா இருக்கிறேன். இழுத்த ம் என்றால் மேலே சொல்லு. தொண்டையைச் செருமினால் வைத்துவிடு. பொம்பளை அதற்குள் எத்தனை வைத்திருந்தாள் என்கிறீர்கள். 'சாப்பிட்டயா'வுக்கு ஒன்று, 'அவன் நல்லா வச்சிருக்கானா'வுக்கு ஒன்று. "அவளுக்கு எல்லாம் வெளங்கும் தாயி, எம் பிள்ளைல்ல" என்று சொன்னபோது, அத்தனை நாளில் முதல்முறையாக அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

ஒருநாள் மகள் ஏதோ வேடிக்கை சொல்லி இவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாளாம். "சாமி பாட்டுல என்னடி சிரிப்பு" என்று கேட்டாராம் வீட்டுக்காரர். "முருகன் சின்னப் பிள்ளையா இருக்கயில செஞ்ச சேட்டையப் பாடுறாக" என்றாளாம். அவரும் சிரித்தாராம். அவர் சிரித்தது அவளுக்கு எங்கேயோ குத்தியிருந்தது.

அதன் பிறகு நான் அவளிடம் எரிந்து விழுந்ததில்லை. அவள் கேட்காமலேயே ஓட்டையைச் சுத்தம் செய்து கொடுப்பேன், நானே காதில் மாட்டிக்கொண்டு, "போயி நின்னு கேளுக்கா" என்பேன். அவள் டீக்கடை ஓரம் போய்த் திரும்பி நிற்பாள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னதும் அப்படித்தான். டீக்கடை ஓரத்திலிருந்து திரும்பி வந்து, "கேக்கல, சரி" என்றவள், அதே மூச்சில், "எம் பிள்ளை உண்டாகியிருக்கா தாயி" என்றாள். அந்தப் பையனுக்கும் தாய் தகப்பன் துணை இல்லை. அவனைப் பெற்றவர்கள் இருந்தும் இல்லாத கணக்குதான். வாந்தி எடுத்தால் தலையைப் பிடிக்க ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் இவளுடைய ம்தான்.

"பேறுகாலம் வரைக்கும் இந்தச் சாமான் கெடாம இருந்துட்டாப் போதும். என்ன பிள்ளை பொறந்துச்சுன்னு எங் காதுல விழுந்துட்டாப் போதும். அதுக்கப்புறம் போனே வேணாம்" என்றாள்.

கெட்டது ஹெட்போன் இல்லை, போன். பயிருக்கு மருந்து கலக்குகிற டிரம்முக்குள் விழுந்துவிட்டது. வீட்டுக்காரரே வத்தலக்குண்டுக்குப் போய்ப் புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டில்லாமல் இவள் முகம் வாடிக் கிடக்கிறது என்று அவராக வாங்கினது. நல்ல போன்தான். பின் செருகுகிற ஓட்டை மட்டும் அதில் இல்லை. இப்போது பாதிப் போனில் அது கிடையாது.

அக்கா கண் கலங்கி நின்றாள். சார்ஜர் ஓட்டையில் செருகி, அதன் மறுமுனையில் ஹெட்போன் மாட்டுகிற குட்டி ஒயர் ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். ஊமை. அந்தப் போனுக்கு அந்த ஒயர் சேராது. வேறொன்று போட்டேன். அதில் பாட்டு கேட்டது, பேச்சு கேட்கவில்லை. கடைசியில் கழுத்தில் மாட்டுகிற நெக்பேண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒயரே போனுக்குப் போகவில்லை என்றதும் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"அப்ப பேச்சு எது வழியா வருது?"

"காத்து வழியா."

"காத்துல வந்தா வழில எவன் காதுலயாவது விழுந்துறாதா?"

நான் சிரித்தேன். நெக்பேண்டும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அடுத்த ஆளுக்குக் கேட்காது என்றேன். நெக்பேண்டைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அக்கா வழக்கம்போல டீக்கடை ஓரம் போய் நின்று கேட்டுவிட்டு வந்தாள். மப்ளருக்குள் அது இருப்பதே தெரியவில்லை. "இதான் தாயி வேணும், மொதல்லயே இதக் குடுத்துருக்கலாம்ல" என்று என் கன்னத்தைத் தொட்டாள். விரலெல்லாம் பூண்டு வாசம்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு ஜீப் ஓட்டுகிற தம்பி, கடைக்கு டெம்பர் கிளாஸ் மாற்ற வந்தபோது, ஏதோ வேடிக்கை சொல்கிற மாதிரிதான் ஆரம்பித்தான்.

கோயிலில் பாட்டுப் போடுகிற பென் டிரைவ் கெட்டுப்போனது. சாயங்காலப் பூசைக்குப் பாட்டு இல்லை. வீட்டுக்காரர் அக்காவிடம் வந்து, "எந்நேரமும் பாட்டுக் கேக்குறயே, ஒன் போனக் குடு, அதுல இருந்து போடுவோம்" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வாள்? இத்தனை நாளும் கேட்டது பக்திப் பாட்டு அல்லவா? ஒப்புக்கு நாலைந்து பாட்டு அதில் ஏற்றியும் வைத்திருந்தாள். கொடுத்தாள். கோயில் ஆம்ப்ளியில் புளூடூத் இருக்கிறது. யாரோ ஒருவர் போனை அதோடு சேர்த்துவிட்டார். பாட்டு ஓடியது. பூசை முடிந்ததும் போனை வாங்கி வந்து இவளிடமே கொடுத்துவிட்டார். மகள் கூப்பிடுகிற நேரத்துக்குள் போன் கைக்கு வந்துவிட்டதே என்று அன்றைக்கு இவள் சாமிக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

புளூடூத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருதடவை ஒட்டினதை அது மறக்காது. கிட்டே வந்தால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கோயில் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கும் என்று சொன்னேன் இல்லையா?

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கோயிலைத் திறந்து ஆம்ப்ளியைப் போட்டார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அக்காவுக்குப் போன் வந்தது. கழுத்தில் இருந்ததை அமுக்கி எடுத்தாள். அவள் காதில் ஒன்றும் கேட்கவில்லை.

"கொழாய் ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளப் பிள்ளை சத்தம்க்கா" என்றான் ஜீப் தம்பி. "'அம்மா, கேக்குதா'ங்குது. நாங்க வண்டில பூண்டு மூடை ஏத்திக்கிட்டு இருக்கோம். எல்லாம் அப்பிடியே நின்னுட்டோம். 'நாளைக்கு ஆஸ்பத்திரில சேரச் சொல்லிட்டாகம்மா, பயமா இருக்கு'ங்குது. காட்டுல நின்ன பொம்பளைக கூட மண்வெட்டியப் போட்டுட்டு நிக்கிதுக. அப்புறம், 'ம் சொல்லும்மா'ங்குது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு. திருப்பியும், 'ம் மட்டும் சொல்லு, போதும்'ங்குது."

அவன் குரலில் வேடிக்கை போயிருந்தது. நான் டெம்பர் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் அந்தக்கா வெளிய ஓடியாந்துச்சு. கழுத்துல அந்த ஒயரு தொங்குது. சில்வர் ஓக் மரத்துல கட்டியிருக்கிற கொழாயப் பாத்து 'ம்'ங்குது. மெதுவாத்தான் சொன்னுச்சு. கொழாய்ல பிள்ளை, 'ஏம்மா ம் சொல்ல மாட்டேங்குற'ங்குது. இது இன்னும் சத்தமா 'ம்'ங்குது. கடைசில கத்துது. ஊருபூரா நிக்கிது, அது மேல பாத்துக் கத்துது. கொழாய்க்குக் கேக்குமாக்கா?"

கேட்காது. ஆம்ப்ளியோடு ஒட்டின பிறகு போனும் கழுத்தில் கிடப்பதும் செவிடு, குழாய்க்கு வாய்தான் உண்டு.

"'நான் எதும் தப்பாப் பேசிட்டனாம்மா'ன்னு கேட்டுச்சு அந்தப் பிள்ளை. அதோட வச்சிருச்சு."

"அவ அப்பா என்ன செஞ்சாரு?"

"மொதச் சத்தம் வந்தப்பவே ஆம்ப்ளி கிட்ட ஓடியாந்துட்டாரு. சுவிட்சுல கை வச்சிட்டாரு. ஆனா அமுக்கல. பிள்ளை வைக்கிற வரைக்கும் அப்பிடியேதான் நின்னாரு. அதுக்கப்புறந்தான் அமத்துனாரு. ஊரு கேட்டுச்சு, ஏன் உடனே அமத்தலன்னு. பதட்டத்துல எந்தச் சுவிட்சுன்னு தெரியலன்னு சொல்லிட்டாரு. அவருக்காக்கா தெரியாது? சாவிய அன்னைக்கே வாங்கிட்டாக."

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்காரரே வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. நான் மனசில் கட்டி வைத்திருந்த ஆள் இல்லை இவர். ஒல்லியாக, கூச்சப்பட்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்குள் வந்த மனுசன். போனையும் நெக்பேண்டையும் கண்ணாடிமேல் வைத்தார். போனில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் அழித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இத எடுத்துக்கிட்டு ஒரு பட்டன் போன் குடும்மா. சிம்மும் புதுசு. நம்பர் வேற."

"எந்த மாதிரி வேணுங்க?"

"பேசுனா வெளிய நல்லாக் கேக்கணும். வீட்ல எல்லாருக்கும் கேக்கணும். அப்பிடிப் பாத்துக் குடு. ஊர்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

இருக்கிறதில் சத்தமானதை எடுத்து, மணியை அடித்துக் காட்டினேன். டீக்கடைவரை கேட்டது. தலையை ஆட்டினார். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகவில்லை. நெக்பேண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல பேசுனதெல்லாம் உள்ள சேந்து கெடக்குமா?"

"இல்லைங்க. அப்பப்ப கேக்குறதோட சரி. எதுவும் தங்காது."

"ம்" என்றார்.

அழிப்பதற்காகக் கேட்டாரா, இன்னொரு தடவை கேட்பதற்காகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. 'ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சுங்க' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. மகளுடைய நம்பர் உன்னிடம் இல்லையா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. இல்லை. அக்கா ஒருநாளும் போனை என் கையில் விட்டுவிட்டுப் போனதில்லை. அந்தப் பெண் திருப்பூரில் எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, எதுவும் எனக்குத் தெரியாது. அவள் பேரைக்கூட அக்கா என்னிடம் சொன்னதில்லை. பிள்ளை, பிள்ளை என்றுதான் சொல்வாள்.

அதற்கப்புறம் சந்தைக்கு அக்கா வரவில்லை. பூண்டு அறுப்பு முடிந்து, இன்னொரு அறுப்பும் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்காக, காலிச் சாக்குகளை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர். சட்டைப் பையில் பட்டன் போன் துருத்திக்கொண்டு தெரிந்தது. மப்ளர் கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது. இத்தனை நாளும் அதற்குள் ஒளித்து வைத்திருந்ததை இப்போது ஊர் பார்க்கக் காதில் மாட்டியிருந்தாள். அந்தப் பழைய இயர்போன், புளியங்கொட்டை கட்டினது. நூல் கறுத்திருந்தது. ஒயர் மடியில் இறங்கி, சாக்கின்மேல் வந்து, நுனியில் இருந்த பின் எதிலும் செருகாமல் வெறுமனே கிடந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எடு என்று சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒயர் மண்ணில் படாமல் அந்தப் பின்னை எடுத்து அவள் மடியில் போட்டார்.

நான் கடையைவிட்டு இறங்கி நின்று கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தாள். "நல்லாருக்கியாக்கா" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்டேன். இடையில் டூரிஸ்ட் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் தலை மெல்ல அசைந்தது. ம் என்று சொல்லியிருப்பாள். அதற்கு உதட்டைத் திறக்க வேண்டியதில்லை. என்னிடம் சொன்னாளா, பிள்ளையிடம் சொன்னாளா, இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை.